கச்சேரி மேடையும் திரைப்பாட்டும்



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை ஒப்புரவு அருட்சாதனம் முடித்துப் பங்கு மனைக்குத் திரும்பியபோது, திண்ணையில் ஒரு தாயும் மகனும் எனக்காகக் காத்திருந்தனர். கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அப்பாலுள்ள சிற்றூர் ஒன்று அவர்களது ஊர். மகன் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். ஞாயிறுதோறும் நம் பாடகர் குழுவில் பாடுகிறவன். இறைவன் அவனுக்கு நல்ல குரல் கொடுத்திருக்கிறார். அதனை அறிந்து, கரும்பு வெட்டும் கூலியில் மிச்சம் பிடித்து, நான்கு ஆண்டுகளாகக் கள்ளக்குறிச்சியில் ஓர் ஆசிரியரிடம் கர்நாடக இசை கற்க அனுப்பி வந்தார் அந்தத் தாய்.

"சாமி, நீங்கதான் இவனுக்குப் புத்தி சொல்லணும். கல்யாண வீட்டு மேடையில சினிமாப் பாட்டுப் பாடப் போறான். அது வாத்தியாருக்குத் தெரிஞ்சு போச்சு. ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வைக்கிறவன் எனக்கு வேண்டாம்னு அனுப்பிட்டார்" என்று கண்கலங்கினார் அவர்.

பையன் தலை குனிந்து நின்றான். "ஏன் தம்பி?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னான்: "ஒரு ராத்திரிக்கு ஐந்நூறு ரூபாய் தர்றாங்க சாமி. ரெண்டு மாசமா வாத்தியாருக்குச் சம்பளமே அந்தப் பணத்துலதான் கொடுத்தேன். அம்மாவுக்கு வேலை இல்லாத மாசம்."

தாய்க்கே அது புதிய செய்தி. மகனை நிமிர்ந்து பார்த்தவர், ஒன்றும் சொல்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக் கொண்டார். எனக்கும் உடனே விடை சொல்லத் தோன்றவில்லை. அன்றிரவு என் நினைவில் வந்து நின்றவர் ஒரு பாடகர். இதே கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்தவர் அவர். அவரது பெயரை அறியாத தமிழ்க் குடும்பம் இராது.

கே. ஜே. யேசுதாஸ் 1940-ஆம் ஆண்டு சனவரி 10-ஆம் நாள் கொச்சிக் கோட்டையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை அகஸ்டின் ஜோசப் நாடக மேடையில் பாடி நடித்துப் புகழ்பெற்றவர். தாய் எலிசபெத். முதற்பாடம் தந்தையிடமே கிடைத்தது. வீட்டில் பாட்டு மிகுதி, பணம் குறைவு. ஆயினும் மகன் முறையாகச் சங்கீதம் கற்க வேண்டும் என்பதில் தந்தை உறுதியாக நின்றார். திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைப் பள்ளியில் பயின்று 'கானபூஷணம்' தேர்ச்சி பெற்றார் யேசுதாஸ். மேற்படிப்புக்குத் திருவனந்தபுரம் சென்றார். வறுமையால் அதனைத் தொடர இயலவில்லை. வானொலி நிலையத்தின் குரல் தேர்வில் அவர் நிராகரிக்கப்பட்ட செய்தியும் பலரும் அறிந்ததே. பின்னாளில் ஒரு நாடே கேட்டு மகிழ்ந்த குரலுக்கு முதலில் கிடைத்தது மறுப்புத்தான்.

1961-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் சென்னையில் 'கால்பாடுகள்' என்னும் மலையாளப் படத்திற்காக அவரது குரல் முதன்முதலாகப் பதிவாயிற்று. இசையமைத்தவர் எம். பி. சீனிவாசன், பின்னாளில் சென்னை இளைஞர் பாடகர் குழுவை உருவாக்கியவர் இவரே. அந்த முதற்பாடல் காதற்பாட்டன்று. சாதி வேற்றுமையும் சமயப் பகையும் இன்றி யாவரும் உடன்பிறந்தாராய் வாழும் இடத்தைப் பற்றி நாராயண குரு எழுதிய வரிகள் அவை. அவ்வரிகளின் பொருள் அப்பாடகரின் வாழ்வையே பின்னர் சோதித்துப் பார்த்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தமிழில் அவரைப் பாடவைத்த முதற்படங்களுள் ஒன்று 1964-இல் வெளிவந்த 'பொம்மை'. அதனை இயக்கி இசையும் அமைத்த எஸ். பாலசந்தர், வீணை வாசிப்பில் தலைசிறந்த வித்துவான். இரு துறையிலும் காலூன்றிய ஒருவரே இன்னொருவருக்கு வாயிலைத் திறந்துவிட்டார். அதன்பின் மலையாளம், தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி எனப் பல மொழிகளில் பல்லாயிரம் பாடல்கள் வந்தன. சிறந்த பின்னணிப் பாடகருக்கான தேசிய விருது அவருக்கு எட்டு முறை கிடைத்தது. 1976-இல் வந்த இந்திப் படமான 'சித்சோர்', 1982-இல் வந்த தெலுங்குப் படமான 'மேகசந்தேசம்', 1991-இல் வந்த மலையாளப் படமான 'பரதம்' ஆகியவை அவ்விருதைப் பெற்றுத் தந்தவற்றுள் சில. 1975-இல் பத்மஸ்ரீ, 2002-இல் பத்மபூஷண், 2017-இல் பத்மவிபூஷண் என அரசின் சிறப்புகளும் வந்தன.

இவ்வளவு புகழும் பொருளும் திரையுலகம் தந்த பிறகும், அவர் கச்சேரி மேடையைக் கைவிடவில்லை என்பதே நாம் நின்று நோக்க வேண்டிய செய்தி. திரையில் பெயர் பெற்ற பின்னரும் அவர் செம்பை வைத்தியநாத பாகவதரிடம் மாணவராகச் சென்று அமர்ந்தார். பாலக்காட்டுச் சீமையின் செம்பை கிராமத்தில் 1896-இல் பிறந்த பாகவதர், கணீரென்ற குரலால் பல தலைமுறையினரைக் கட்டிப்போட்டவர். புகழ்பெற்ற பாடகர் ஒருவர் மீண்டும் பாயில் அமர்ந்து "இந்தச் சங்கதி சரியில்லை" என்று பிறர் சொல்லக் கேட்பது எளிதா? நம்மில் எத்தனை பேர் நாற்பது வயதில் திருத்தப்படச் சம்மதிப்போம்?

அந்த ஆசிரியரின் பெருந்தன்மையையும் நாம் மறத்தல் ஆகாது. வைதிக மரபில் ஊறியவர் பாகவதர். குருவாயூரப்பனிடம் அளவற்ற பக்தி கொண்டவர். அவர், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து திரைப்பாட்டால் வாழ்ந்த ஓர் இளைஞரைச் சீடராக ஏற்றதோடு நில்லாமல், தம்முடன் மேடையிலும் அமர்த்திக் கொண்டார். 1974-இல் பாகவதர் மறைந்த பின்னர் அவர் நினைவாக நடைபெறும் இசைவிழாவில் சீடர் பல ஆண்டுகள் பாடி வந்தார்.

ஆனால் குரு வணங்கிய அந்தக் குருவாயூர்க் கோயிலின் உள்ளே செல்லச் சீடருக்கு அனுமதி கிடைக்கவில்லை; பிறப்பால் அவர் இந்து அல்லர் என்பதே காரணம். மறுபுறம், சபரிமலையில் ஒவ்வோர் இரவும் நடை சாத்தும் வேளையில் ஒலிப்பது அவரது குரலே. நம்மவரிடையேயும் "இவர் ஏன் அங்கெல்லாம் பாடுகிறார்?" என்று கேட்டவர்கள் உண்டு. ஒருவருடைய விசுவாசத்தை அளக்கும் கோல் நம் கையில் இல்லை. அதை இறைவனிடம் விட்டுவிடுவோம். இரு பக்கத்திலும் "நீ முழுமையாக எங்களவன் அல்லன்" என்று சொல்லப்பட்ட ஒருவர், இரு பக்கத்தையும் வெறுக்காமல் பாடிக்கொண்டே இருந்தார் என்பது மட்டும் நமக்குப் போதும்.

இனி இசையின் உள்ளே சற்று நுழைவோம். கச்சேரிப் பாட்டுக்கும் திரைப்பாட்டுக்கும் உள்ள வேற்றுமை யாது? திரைப்பாட்டு நான்கைந்து நிமிடங்களில் முடிவது. மெட்டு இசையமைப்பாளருடையது, சொல் கவிஞருடையது, முகம் நடிகருடையது. பாடகருக்கு உரியது குரலும் உணர்வும் மட்டுமே. ஒலிவாங்கிக்கு மிக அருகில் நின்று, காதோடு பேசுவதுபோல் மெல்லப் பாடவேண்டும். கச்சேரியிலோ இராகத்தை விரித்துப் பாட அரைமணி நேரமும் ஆகலாம். அங்கே மெட்டை அப்போதைக்கு அப்போதே கட்டுபவர் பாடகரே. கற்பனை சுரங்களைக் கணக்குத் தவறாமல் தாளத்தில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். தவறினால் மறுபதிவு கிடையாது.

இவை இரண்டும் இருவேறு தொழில்கள். ஆனால் இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றே. விடியுமுன் எழுந்து, மாயாமாளவகௌளையில் சரளி வரிசையும் சண்டை வரிசையும் அலங்காரமும் மூன்று காலத்தில் பாடிப் பழகிய தொண்டைதான், திரைப்பாட்டில் ஒரே மூச்சில் நீண்ட அடியைச் சிதறாமல் கொண்டுசெல்லும். சுருதி விலகாத காது, அளவறிந்த மூச்சு, எழுத்துச் சிதையாத உச்சரிப்பு ஆகிய மூன்றையும் குறுக்கு வழியில் எவரும் பெற்றதில்லை. அதேபோல் திரைப்பாட்டும் வித்துவானுக்கு ஒரு பாடம் கற்பிக்கும். ஒரு சொல்லின் துயரத்தைப் பத்து வினாடியில் கேட்பவரின் நெஞ்சில் சேர்க்கவேண்டும் என்பதே அப்பாடம். 1982-இல் வந்த 'மூன்றாம் பிறை' படத்தில் கண்ணதாசன் எழுதிய தாலாட்டை யேசுதாஸ் பாடக் கேட்டவர்கள் இதனை உணர்வார்கள். அங்கே வித்துவத்தைக் காட்டும் முயற்சி எதுவும் இல்லை. அதனைக் கற்றவர் பாடுகிறார் என்பது மட்டும் தெரியும்.

1985-இல் கே. பாலசந்தர் இயக்கிய 'சிந்து பைரவி' இந்த வழக்கையே திரைக்கதையாக்கியது. கர்நாடக இசைப் பாடகர் ஒருவரை நோக்கி ஒரு பெண், மக்களுக்குப் புரியும் மொழியில் பாடலாகாதா என்று கேட்பாள். பாடகராக நடித்த சிவகுமாருக்குக் குரல் கொடுத்தவர் யேசுதாஸ். இசை இளையராஜா. நாட்டுப்புற மெட்டில் தொடங்கும் பாடல் ஒன்று, தியாகராஜரின் கீர்த்தனையில் போய்ச் சேரும். அக்கீர்த்தனை வழக்கமாகப் பாடப்படுவது காம்போதியில். படத்திலோ சாரமதி இராகத்தில் ஒலித்தது. மரபை மாற்றலாமா என்று அந்நாளில் பெரும் விவாதம் எழுந்தது. ஆயினும் அப்பாடலைப் பாடிய சித்ராவுக்கும், இசையமைத்த இளையராஜாவுக்கும் தேசிய விருது கிடைத்தது.

மரபைக் காப்போர் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. வேலி இல்லாத பயிரை ஆடு மேயும். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, ஆனந்தபைரவி, செஞ்சுருட்டி போன்ற இராகங்கள் நாட்டுப்புற மெட்டுகளிலிருந்து சபைக்கு வந்தவை என்பர் இசை ஆராய்ந்தோர். தாலாட்டிலும் ஒப்பாரியிலும் காவடியிலும் பிறந்தவை மெல்லப் படியேறி மேடைக்கு வந்திருக்கின்றன. இன்று உயர்ந்த இடத்தில் இருப்பது என்றோ ஒருநாள் வயல் வரப்பிலிருந்து வந்ததே. எதிர்த்திசைப் பயணமும் உண்டு. கச்சேரி மேடையில் வளர்ந்த பி. உன்னிகிருஷ்ணன், 1994-இல் ஏ. ஆர். ரகுமான் இசையில் பாடிய திரைப்பாடல்களுக்காகத் தேசிய விருது பெற்றார். அதன் பின்னும் கச்சேரி மேடையில் தொடர்ந்து அமர்ந்தார்.

நம் திருச்சபையின் வரலாறும் இவ்வழக்கை நன்கறியும். பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய இசைமேதைகள் பலர், 'ஆயுதம் தரித்த மனிதன்' என்னும் பொருளில் தெருவில் பாடப்பட்ட ஒரு பாட்டின் மெட்டை அடியாகக் கொண்டு திருப்பலிக்கு இசையமைத்தனர். புகழ்பெற்ற பலஸ்திரீனாவும் அம்மெட்டில் இரண்டு திருப்பலி இசைகளை அமைத்தார். பின்பு கட்டுப்பாடும் வந்தது. 1903-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர், பியானோவையும் இரைச்சலிடும் முரசு, கைத்தாளம் போன்றவற்றையும் ஆலயத்தில் தடை செய்தார். அறுபது ஆண்டுகள் கழித்து, 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மறைபரப்பு நாடுகளில் மக்களுக்கு உரிய இசைமரபைத் தக்கவாறு மதித்து வழிபாட்டில் இடமளிக்கப் பணித்தது. தமிழ்க் கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) அதற்கு முந்திய நூற்றாண்டிலேயே தூய கர்நாடக முறையில் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளைப் பாடி வைத்தார். கச்சேரி மேடைகளில் அவை இன்றும் ஒலிக்கின்றன.

இவ்வளவும் எழுதிய கையோடு என் பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குருத்துவம் பெற்ற புதிதில், உதவிப் பங்குத்தந்தையாக இருந்தபோது, மலையிலுள்ள ஒரு கிளைப்பங்கிற்குத் திருப்பலி நிறைவேற்றச் செல்வேன். கல்வராயன் மலை மக்கள் 1976 வரை ஜாகீர்தாரர்களின் பிடியில் இருந்தவர்கள். நிலத்தைப் பிறர் கையில் வைத்திருந்த காலத்திலும் பாட்டு அவர்கள் கையில்தான் இருந்தது. ஒரு திருவிழாவன்று அங்குள்ள பெண்கள், சாமை அறுக்கும்போது பாடும் மெட்டிலே தாங்களே சொற்களைக் கட்டிக் காணிக்கைப் பாடலாகப் பாடத் தொடங்கினர். குருமடத்தில் கற்றது தலைக்கேறியிருந்த நான், "கோயிலில் இது கூடாது" என்று நடுவில் நிறுத்திவிட்டேன். அடுத்த வாரம் ஆர்மோனியத்துடன் ஒருவரை அழைத்துச் சென்று, 'முறையான' பாடல்களைக் கற்பித்தேன்.

அவர்கள் கற்றுக்கொண்டார்கள், ஆனால் பாடவில்லை. உதடு அசையும், குரல் வராது. பாட்டை நான் திருத்தவில்லை, பறித்துவிட்டேன் என்பது எனக்கு விளங்கச் சில ஆண்டுகள் ஆயின. மன்னிப்புக் கேட்க மீண்டும் சென்றபோது, அன்று முன்னின்று பாடிய பாட்டி உயிரோடு இல்லை.

அந்த மலைப் பெண்களிடம் நான் செய்ததையே, இந்தப் பையனிடம் அவனுடைய ஆசிரியர் செய்துவிடக் கூடாதே என்ற அச்சம் எனக்கு. எனவே மறுநாள் மாலை அவனை அழைத்துக்கொண்டு அவர் வீட்டிற்குச் சென்றேன். திரைப்பாட்டுக்கு வாதாட நான் போகவில்லை. சம்பளம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொன்னேன். ஆசிரியர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு பையனைப் பார்த்து, "என்கிட்ட ஏண்டா சொல்லலை?" என்று கேட்டார். அக்குரலில் கோபம் இல்லை.

நல்ல ஆசிரியர் அவர். கண்டிப்பை விட்டுவிடவில்லை. அவர் விதித்தவை மூன்று. விடியற்காலை ஒருமணி நேரச் சாதகம் ஒருநாளும் தவறக்கூடாது. பாடத்திற்கு முன்னிரவு மேடைக்குப் போகக்கூடாது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடியும்வரை மாதத்திற்கு இரண்டு திருமணங்களுக்கு மேல் ஒப்புக்கொள்ளக் கூடாது. சம்பளத்தைப் பற்றிக் கேட்டேன். "அதை அவன் வேலைக்குப் போன பிறகு பார்த்துக்கலாம் சாமி" என்றார். செம்பை பாகவதரின் பெருந்தன்மை பாலக்காட்டோடு முடிந்துவிடவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் பையன் கேட்டான்: "சாமி, நான் யேசுதாஸ் மாதிரி ஆகிடுவேனா?" ஆவாய் என்று நான் சொல்லவில்லை. அவ்வாறு சொல்வது பொய். பத்தாயிரம் பேர் பாடினால் ஒருவர் அந்த உயரத்தை அடையலாம். "விடியற்காலையில் எழுந்திருப்பாயா?" என்று கேட்டேன். "எழுந்திருப்பேன்" என்றான். "அது உன் கையில் இருக்கிறது தம்பி. அதை மட்டும் செய்" என்றேன்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை திரைப்பாட்டை முணுமுணுத்தால் கெட்டுப்போனான் என்று அஞ்சாதீர்கள். கீர்த்தனை கற்றால் மட்டும் உயர்ந்துவிட்டான் என்றும் எண்ணாதீர்கள். அவன் உழைக்கிறானா என்று பாருங்கள். கைத்தட்டல் கிடைத்த பிறகும் ஆசிரியரின் முன் அமரும் பணிவு அவனிடம் உள்ளதா என்று பாருங்கள். பாடிப் பெற்ற பணத்தை எதற்குச் செலவிடுகிறான் என்பதையும் பாருங்கள். அந்தத் தாய்க்கு மகனைப் பற்றித் தெரியாதிருந்தது அந்த மூன்றாவது செய்திதான். முறையாகக் கற்பிக்க வழியில்லை என்று கலங்குவோர்க்கு, திருச்சியில் அருட்தந்தை எஸ். எம். ஜார்ஜ் 1977-இல் தொடங்கிய கலைக்காவிரி போன்ற நிறுவனங்களையும் நினைவூட்டுகிறேன்.

சென்ற ஞாயிறு திருப்பலியில் அந்தப் பையன் காணிக்கைப் பாடல் பாடினான். வேதநாயகம் பிள்ளையின் கீர்த்தனை. ஆசிரியர் சொல்லிக் கொடுத்தது. இரண்டாம் அடியில் சுருதி சற்றே விலகியது. அவனுக்கே அது தெரிந்தது. கண்ணை மூடித் திருத்திக்கொண்டு தொடர்ந்தான். பின்வரிசையில் அவனுடைய தாய் அமர்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில், நம் ஆலயத்திற்கு அதுவரை வந்திராத ஒருவர், தொடையில் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை